எதற்குப் பஸ் ஏற வேண்டும், எதற்குத் திரை போதும்

மூளைக் கட்டிக்கு அறுவை முடிந்தது, ஊரில் சொல்வதுபோல் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தும் முடிந்தது, வீட்டுக்கு வந்தாயிற்று. இனி மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஓ.பி.க்கு வரச் சொல்லியிருப்பார்கள். ராமநாதபுரத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ சென்னைக்கோ வேலூருக்கோ போய் வருவதென்றால் ஒரு முழு இரவுப் பயணம், டோக்கன், காத்திருப்பு, ரத்தப் பரிசோதனை, மறுபடி காத்திருப்பு, டாக்டரோடு சில நிமிடம், திரும்ப ஓர் இரவு. நோயாளியோடு துணைக்குப் போகிறவரின் சம்பளமும் போகும். பணத்தைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. வலிப்பு வரும் வாய்ப்புள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, மாத்திரை நேரமும் தவறி, ஓ.பி. வரிசையிலேயே ஃபிட்ஸ் வந்து விழுபவர்கள் உண்டு.

வீடியோ வழியாக டாக்டரைப் பார்ப்பது இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த அழைப்பு பயனுள்ளதாக இருக்குமா, வீணாகுமா என்பது மருத்துவமனையைவிட உங்கள் வீட்டைப் பொறுத்தே அதிகம் அமைகிறது. ஓ.பி. அறையில் டாக்டரின் கண்ணும் கையும் செய்கிற வேலையில் பாதியை இங்கே உடனிருப்பவர் செய்ய வேண்டும்.

விதி எங்கே அனுமதிக்கிறது, எங்கே தடுக்கிறது

வீடியோ ஆலோசனை கொரோனாவோடு வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2000-லேயே சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் தொலைமருத்துவ மையம் திறக்கப்பட்டது. அந்த முயற்சியை முன்னின்று வளர்த்தவர்களில் ஒருவரான சென்னை டாக்டர் கே. கணபதி ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர். அதில் ஆச்சரியமில்லை, அந்தத் துறை மருத்துவர்கள் குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் புதிதாக வந்தது விதிமுறை. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. அவற்றில் உங்களுக்குத் தேவையானவை நான்கைந்துதான்.

நேரில் பார்த்து 6 மாதத்துக்குள், அதே டாக்டரிடம், அதே நோய்க்காகப் பேசினால்தான் அது தொடர் ஆலோசனை. அப்போது பழைய மருந்தைத் தொடரலாம், அதே நோய்க்குப் புது மருந்தும் சேர்க்கலாம். 6 மாதம் தாண்டிவிட்டாலோ, முன்பு இல்லாத வேறு தொந்தரவு வந்திருந்தாலோ முதல்முறை பார்ப்பதாகவே கணக்கு. எழுதக்கூடிய மருந்துகளும் குறைந்துவிடும். எனவே எவ்வளவு நன்றாக இருந்தாலும் 6 மாதத்துக்குள் ஒருமுறை நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் பயணத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ஃபின் போல போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் திரை வழியாக எழுதக்கூடாது. இது பின்னால் பெரிய சிக்கலாகும், அங்கே சொல்கிறேன்.

நோயாளிக்காக உடனிருப்பவர் பேசலாம். நோயாளி பக்கத்தில் இருந்தால் சிக்கலே இல்லை. அவர் குழந்தை என்றாலோ, நினைவு தவறிய நிலையிலோ எழுந்து வர முடியாத நிலையிலோ இருந்தாலோ, அவர் இல்லாமலும் பேசலாம். தெளிவாக இருக்கும் பெரியவர் என்றால், அவர் சார்பில் பேச அவரே எழுதிக் கொடுத்த கடிதம் போன்ற ஒப்புதல் வேண்டும். பேசத் தடுமாறும் கணவருக்காகப் பேசும் மனைவி இந்தக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி ஃபைலில் வைத்திருப்பது நல்லது. கையெழுத்துப் போட முடியாத நாள் வந்தபின் அதைத் தேடிப் பயனில்லை.

நேரில் வாங்கும் கட்டணத்தையே டாக்டர் வாங்கலாம். ரசீது கேட்டுப் பெறுங்கள். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். திரையில் பார்த்தது போதாது என்று தோன்றினால் ‘நேரில் வாருங்கள்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை பற்றியும் ஒரு வார்த்தை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை அளவு போன்றவற்றுக்கு அது நல்ல சேவை. உங்கள் கட்டியின் வரலாறு தெரிந்த டாக்டருக்கு அது மாற்று அல்ல. அங்கே பேசினால் முதலிலேயே ‘மூளைக் கட்டி, இன்ன கீமோ மாத்திரை, இவ்வளவு ஸ்டீராய்டு’ என்று சொல்லிவிடுங்கள்.

எதை எங்கே வைத்துக்கொள்வது

முதல் சந்திப்பு, அறுவை செய்வதா வேண்டாமா என்ற முடிவு, கதிர்வீச்சுத் திட்டம் ஆகியவை நேரில்தான். அறுவைக்குப் பின் தையல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதைப் படமெடுத்து அனுப்பி முடித்துக்கொள்ளலாம். கசிவோ சிவப்போ இருந்தால் முடியாது.

அமைதியாக இருக்கும் கட்டிகளுக்குத் திரை மிகப் பொருத்தம். முழுக்க எடுக்கப்பட்ட மெனிஞ்சியோமா, வருடம் ஒரு ஸ்கேன் மட்டும் பார்க்கும் நிலை, வலிப்பு மாத்திரையின் அளவை ஏற்றி இறக்குவது, டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையின் அடுத்த சுற்றைத் தொடங்கலாமா என்று கேட்பது, இவற்றுக்கெல்லாம் வீட்டிலிருந்தே பேசலாம். பிட்யூட்டரி கட்டிக்காரர்களின் ஹார்மோன் கணக்கையும் ரத்தப் பரிசோதனையை வைத்துத் திரையில் பேசிவிடலாம். ஆனால் பார்வைப் புலம் அளக்கும் கருவிக்கு முன் அவர்கள் உட்கார்ந்தே தீர வேண்டும். அதைப் பக்கத்து ஊர்க் கண் மருத்துவமனையிலேயே எடுத்து அனுப்பலாம். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறதா என்பதும் அப்படித்தான். மூளையில் அழுத்தம் ஏறுவதைக் காட்டும் அந்த வீக்கத்தை எந்தக் கைபேசிக் கேமராவும் காட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர்க் கண் மருத்துவரிடம் பார்த்து வரச் சொன்னால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

மூளை நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் வைத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சில வகை ஷண்டுகளின் அமைப்பு எம்.ஆர்.ஐ. காந்தத்தில் மாறிவிடும், ஸ்கேன் முடிந்ததும் கருவி வைத்துச் சரிபார்க்க வேண்டும். அது கையால் செய்யும் வேலை. ஊரில் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரையில் பேசிக்கொள்ளலாம் என்று இவர்கள் நினைத்துவிடக் கூடாது.

ஸ்கேனும் சீட்டும்

வீடியோ ஆலோசனைகளில் நேரம் அதிகம் வீணாவது ஸ்கேனைத் தேடுவதில்தான். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து, ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதில் டாக்டர் பார்ப்பது ஜன்னல் கம்பியைத்தான். ஸ்கேன் சென்டரில் ‘சிடி போட்டுக் கொடுங்க’ என்று கேட்டு வாங்குங்கள். அதில் டைகாம் வடிவில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும்; பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் ஒப்பிட அவைதான் வேண்டும். பல சென்டர்களில் இப்போது இணைய இணைப்பே தருகிறார்கள். சிடியைத் திறக்க வீட்டில் கணினி இல்லையென்றால், இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ ஃபோல்டரை மொத்தமாக ஜிப் செய்து மருத்துவமனை சொன்ன முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். இதை அழைப்புக்கு இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். முடிந்தவரை எப்போதும் ஒரே சென்டரில் எடுப்பது நல்லது. மெஷின் மாறினால் ஒப்பிடுவது கடினம்.

ரத்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். எண் மங்காமல் போகும். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கதிர்வீச்சு முடித்த சீட்டு ஆகிய மூன்றும் ஒரே பிடிஎஃப்பாக எப்போதும் போனில் இருக்கட்டும். நள்ளிரவில் புது டாக்டர் ஒருவர் பார்க்க நேர்ந்தாலும் அந்த ஒரு கோப்பு போதும்.

ரிப்போர்ட்டைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் உறையைப் பிரிக்கும்போது டாக்டர் எதிரில் இருப்பார். இப்போது அவருக்கு முன்பே அது உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு, ‘முந்தைய ஸ்கேனைவிடப் பெரிதாகியுள்ளது’ என்ற வரியை வீடே கூடிப் படிக்கும். கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, முடிந்த முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் சிகிச்சையின் விளைவாகவே அந்த இடம் வீங்கி, கட்டி வளர்ந்ததுபோல் தெரிவதுண்டு. அது பொய்யான வளர்ச்சியா உண்மையானதா என்பதை நோயாளியின் நடை, பேச்சு, ஸ்டீராய்டு அளவு, அடுத்த ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டரே முடிவு செய்கிறார். ஒற்றை வரியை வைத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

சிகிச்சையே மாறப்போகிறது என்று தோன்றுகிற ஸ்கேன் முடிவை நேரில் போய்க் கேட்பதே மேல் என்பது என் கருத்து. போக முடியவில்லை என்றால், அந்த அழைப்பின்போது வீட்டில் நோயாளியும் நீங்களும் மட்டும் இருக்காதீர்கள். அண்ணனோ மச்சானோ பக்கத்து வீட்டு டீச்சரோ, நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடிய இன்னொருவர் கூட இருக்கட்டும்.

அறைக்குள் நடந்து வருவதைப் பார்ப்பது

நரம்பியல் டாக்டர்களின் பரிசோதனை, நோயாளி கதவைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. எந்தக் காலை இழுக்கிறார், வாசற்படியில் இடிக்கிறாரா, நாற்காலியில் உட்காரும்போது கையை ஊன்றுகிறாரா, யார் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையெல்லாம் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் பார்த்துவிடுவார்கள். வீடியோவில் தெரிவதோ தலையணையில் சாய்ந்த ஒரு முகம். நோயாளிகள் பெரும்பாலும் ‘நல்லாயிருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். நெற்றிப் பக்கத்தில் கட்டி இருந்தவர்கள் அதை மனதாரவே சொல்வார்கள்; தம்மிடம் மாற்றம் வந்திருப்பது அவர்களுக்கே தெரியாது.

அதனால் அழைப்பின்போது நோயாளி படுக்கையில் இருக்கக் கூடாது. முடிந்தால் நாற்காலியில் உட்காரட்டும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், ஜன்னல் அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. ஏழெட்டு அடி நடக்க இடம் வேண்டும். கூடத்தில் கட்டிலை நகர்த்திவைத்தால் போதும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள், ஏனென்றால் உங்கள் கை வேறு வேலைக்குத் தேவைப்படும்: நோயாளி விழாமல் பக்கத்திலேயே நிற்பதற்கு. வழுக்கும் தரையில் சாக்ஸ் வேண்டாம். சேலையையோ வேட்டியையோ கணுக்கால் தெரியும்படி தூக்கிக் கட்டியிருந்தால் பாதம் தரையை உரசுகிறதா என்று டாக்டருக்குத் தெரியும்.

டாக்டர் கேட்கக்கூடியவற்றை முன்பே ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் பிரசாதம் வாங்குவதுபோல் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, கண்ணை மூடிச் சில நொடி நிறுத்தச் சொல்வார். ஒரு கை மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கினால், அந்தப் பக்கம் பலம் குறைகிறது என்று பொருள். நோயாளிக்கே தெரியாத பலவீனத்தைக்கூட இது காட்டிவிடும். பிறகு பல்லைக் காட்டச் சொல்வார், நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணை இறுக்கி மூடச் சொல்வார். விரலால் மூக்கையும் உங்கள் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்வார். குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டினாற்போல் ஒரு கோட்டில் நடக்கச் சொல்வார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொல்வார். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் இதில்தான் திணறுவார்கள், தொடைத் தசை மெலிந்திருக்கும்.

பேச்சுக்கும் நினைவுக்கும் வேறு கேள்விகள். பேனாவையும் கடிகாரத்தையும் காட்டிப் பெயர் கேட்பார், ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்வார், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார். ஜனவரி பிப்ரவரி பழக்கமில்லாதவர் பங்குனியிலிருந்து சித்திரை வரை சொல்லட்டும். இங்கே ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காதீர்கள். அப்பா திணறுவதைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளால் சும்மா இருக்க முடியாதுதான். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்த விடை டாக்டரின் குறிப்பில் அவருடைய விடையாகப் பதிவாகிவிடும்.

அனிச்சைச் செயல்கள், தசை இறுக்கம், தொடு உணர்வு ஆகியவை திரைக்கு எட்டாதவை. வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில், நடக்கும்போது அரை நிமிட வீடியோ எடுத்து வைத்தால் அந்தக் குறையில் கொஞ்சம் ஈடாகும். நான்கு வாரத்து நடையை வரிசையாகப் பார்க்கும் வாய்ப்பு ஓ.பி. அறையில்கூட டாக்டருக்குக் கிடைக்காது. வலிப்பு வரும்போதும் அப்படியே: முதலில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு, ஆள் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்பது கட்டி இருக்கும் இடத்தோடு தொடர்புள்ளது.

பல டாக்டர்கள் கார்னாஃப்ஸ்கி மதிப்பெண் என்று ஒன்று போடுவார்கள். 100-லிருந்து பத்துப் பத்தாகக் குறையும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வேலைக்குப் போக முடியாது என்றால் 70. அவ்வப்போது ஆள் துணை தேவைப்பட்டால் 60. அடுத்த சிகிச்சையைத் தாங்குவாரா என்பதை முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பங்குண்டு. எனவே குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவது பற்றிக் கேட்டால், போன மாதம் எப்படி இருந்தது, இந்த மாதம் எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அவர் காதில் விழாமல்

ஓ.பி. அறையில் நோயாளி வெளியே போனதும் மனைவியோ மகளோ ஒரு நொடி தங்கி, ‘டாக்டர், ராத்திரியெல்லாம் கத்துறார், கை ஓங்குறார்’ என்று சொல்வது வழக்கம். பல நேரம் அந்த ஒரு நொடியில்தான் உண்மை வெளிவரும். வீடியோவில் அதற்கு இடமில்லை. போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் நோயாளிக்குச் சந்தேகம் வரும், வீட்டில் சண்டையும் வரும்.

இதற்கு நல்ல வழி, முதல் நாளே நாலைந்து வரி எழுதி அனுப்புவது. கோபம், அழுகை, தூக்கமின்மை, கூச்சமில்லாமல் பேசுவது, பணத்தைக் கண்டபடி செலவழிப்பது, சிறுநீர் கட்டுப்படாதது என எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். இதைச் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. கோபத்துக்குக் கட்டியே காரணமாக இருக்கலாம், ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம், லெவிடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரையும் காரணமாக இருக்கலாம். மாத்திரைதான் காரணம் என்றால் அதை மாற்றிப் பார்க்க வழி உண்டு. டாக்டரிடமும், ‘இதை நான் சொன்னதாக அவர் முன்னால் சொல்ல வேண்டாம், சார்’ என்று எழுதலாம். புரிந்துகொள்வார்கள்.

உடனிருப்பவருக்கும் ஆள் வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. நோயாளிக்கு மட்டுமே என்று நினைத்துப் பலர் கூப்பிடுவதில்லை.

மாத்திரைகள்

டெமோசோலமைடில்தான் தொலைவழிப் பிழைகள் ஆபத்தாக முடியும். கதிர்வீச்சு நடக்கும்போது அது தினசரி மாத்திரை. முடிந்தபின் 28 நாளில் 5 நாள் மட்டும், அதுவும் அளவு கூடுதலாக. இரண்டையும் குழப்பி, ஐந்து நாள் அளவைத் தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் அபாயகரமாக இறங்கிவிடும். மாத்திரை 20, 100, 250 மி.கி. என்று வெவ்வேறு பலத்தில் வரும், 270 மி.கி. என்றால் 250 ஒன்றும் 20 ஒன்றும். டாக்டர் அளவைச் சொன்னதும் பட்டைகளைக் கேமராவுக்கு முன் காட்டி, ‘இதில் ஒன்று, இதில் ஒன்று, திங்கள் முதல் வெள்ளி வரை, சரிதானே டாக்டர்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அவர் தலையாட்டியபின் காலண்டரில் ஐந்து நாளையும் வட்டமிடுங்கள். எழுத்தில் சீட்டு வரும்வரை மாத்திரையைத் தொடங்க வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 22-ஆம் நாளும், அடுத்த சுற்றுக்கு முன்பும் ரத்தம் பார்ப்பார்கள். நியூட்ரோஃபில் 1,500-க்கும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் குறையாமல் இருந்தால்தான் பொதுவாக அடுத்த சுற்று. இதை உள்ளூர் லேபிலேயே எடுத்துவிடலாம். லேப் சீட்டில் தட்டணுவை ‘லட்சத்தில் 1.2’ என்று போடுவார்கள், ‘1,20,000’ என்றும் போடுவார்கள். வாயால் சொல்லாமல் தாளையே அனுப்புங்கள். காப்ஸ்யூலைத் திறந்து தேனில் கலக்குவது கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும், அதனாலேயே ஆபத்தும் உண்டு. தலைவலி போய்விட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துவிடும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இறக்கும் அட்டவணையைத் திரையில் பேசி முடிவு செய்வது மிக வசதி, ஏனென்றால் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் பேசினாலே போதும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியும் ரத்த அழுத்தக் கருவியும் இருந்தால் அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். அட்டவணையில் ஒரு படி இறங்கியதும் தலைவலியோ கை பலவீனமோ திரும்பினால், அடுத்த அழைப்புவரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் தள்ளாடினால் கட்டிதான் என்று பயப்படுவதற்கு முன் மருந்தின் ரத்த அளவைப் பார்க்கச் சொல்வார்கள். கதிர்வீச்சுக் காலத்தில் இந்த மருந்தோடு உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால், படம் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய வேளை

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தால், 108. வீடியோ அழைப்பு தேவையில்லை. எழுப்பினால் எழாத தூக்கம், காலையில் வாந்தியோடு கூடுகிற தலைவலி, திடீரென ஒரு பக்கம் விழுந்துபோவது, பார்வை மங்குவது, இவையும் அப்படியே. ஷண்ட் உள்ளவருக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று விடியும்வரை காத்திருப்பது தவறு. தையல் வழியாகவோ மூக்கு வழியாகவோ தண்ணீர்போல் வடிந்தாலும், தொண்டையில் உப்புக் கரித்தாலும் மூளைத் தண்டுவட நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது ஒன்று: மூளைக் கட்டி உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். அந்த ரத்த உறைவு நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறல் வரும், உயிருக்கே ஆபத்து.

சி.டி. ஸ்கேன் வசதியோடு இரவிலும் டாக்டர் இருக்கும் பக்கத்து மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்; போகும் வழியில் உங்கள் டாக்டருக்குத் தகவல் சொல்லலாம். வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே தேவையா என்பதை நேரில் போகும்போதே கேட்டு, தேவையென்றால் அங்கேயே சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படுக்கையோடு ஆனபின்

நோய் திரும்பி, இனி அறுவையும் இல்லை, கீமோவும் இல்லை என்று ஆனபின் பல குடும்பங்கள் டாக்டரைக் கூப்பிடுவதையே விட்டுவிடுகின்றன. ‘இனி என்ன கேட்பது?’ என்கிறார்கள். என் அனுபவத்தில் தொலைவழி ஆலோசனை மிகவும் பயன்படும் காலம் இதுதான். ஆளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று மாறும்: விழுங்க முடியவில்லை, மாத்திரையைத் திரவமாக்கலாமா, ஸ்டீராய்டை இனியும் தொடர வேண்டுமா, முதுகில் புண் வருகிறது, மூச்சில் சத்தம் கேட்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திரையிலேயே பதில் கிடைக்கும்.

வலிக்கு மட்டும் கிடைக்காது. மார்ஃபினைத் திரையில் எழுத முடியாது என்று முன்பே சொன்னேன். அதனால் வலி வரும்வரை காத்திருக்காமல், நோயாளி காரில் உட்கார முடிகிற நாட்களிலேயே பக்கத்தில் வலி நிவாரண சிகிச்சை மையமோ, மாவட்ட அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவோ இருக்கிறதா என்று விசாரித்து, ஒருமுறை நேரில் போய்ப் பெயர் பதிந்து வாருங்கள்.

கூடவே, வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய உள்ளூர் டாக்டர் ஒருவரைப் பிடித்து வையுங்கள். பெரிய டிகிரி தேவையில்லை. கூப்பிட்டால் வருபவராக இருந்தால் போதும். அவரையும் நகரத்து டாக்டரையும் ஒரே வீடியோ அழைப்பில் ஒருமுறை பேசவையுங்கள். யூரின் ட்யூப், மூக்குக் குழாய், ஊசி ஆகியவற்றை உள்ளூர் டாக்டர் பார்த்துக்கொள்ள, எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்று நகரத்து டாக்டர் சொல்லலாம். மறுபடி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்ற பேச்சையும் அந்த அழைப்பிலேயே, நோயாளியால் பேச முடிந்தால் அவரையும் வைத்துக்கொண்டு, தொடங்கிவிடலாம்.

உள்ளூர் டாக்டர் தேவைப்படுவதற்கு நடைமுறைக் காரணம் இன்னொன்றும் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால், இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்க வேண்டியவர் கடைசி நோயில் அவரைக் கவனித்துவந்த டாக்டர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து திரையில் பார்த்தவர் அதில் கையெழுத்துப் போட மாட்டார். கடைசி வாரங்களில் இரண்டு முறையாவது வீட்டுக்கு வந்து பார்த்த உள்ளூர் டாக்டர் போடுவார். டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் இருக்கும் அந்தப் பிடிஎஃப்பின் ஒரு பிரதியையும் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.